சூப்பிப் போத்தலில் அளந்த ஒயில்

றம்ஸியாவின் புருஷன் மசூர் சவூதிக்குப் போய் இரண்டாவது பெரும்போக நெல்லும் கதிர் தள்ளத் தொடங்கிய நேரம், அவன் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அவளுடைய வாப்பா மீராசாஹிபைக் கீழே தள்ளியது.

மீராசாஹிபு வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மாவடிப்பள்ளித் தாம்போதியில், வெள்ளம் கடந்தோடும் தாழ்ந்த பாதையில், எருமை ஒன்று குறுக்கே ஏறியது. முன் பிரேக்கைப் பிடித்தார், சில்லு நிற்கவில்லை. பதற்றத்தில் பின் பிரேக்கை ஏறி மிதிக்க, சைக்கிள் சறுக்கிக்கொண்டுபோய் ஓரக் கல்லில் மோதியது. எருமைக்கு ஒன்றுமில்லை. அவருடைய இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறிவு வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, எண்ணெய் ஊற்றி, வேளாண்மை வெட்டி முடியும்வரை கையை அசைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்.

குற்றம் பிரேக்கில் இல்லை என்பது றம்ஸியாவுக்குத் தெரியும். முன் சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு இரும்புக் கால்களையும் ஊரில் சொக் என்பார்கள். அதற்குள்ளே ஸ்பிரிங்கும் ஒயிலும் இருக்கின்றன. ஒயில் வெளியே வராமல் அதன் வாயில் ரப்பர் வளையம் ஒன்று, ஒயில் சீல், இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கடற்கரை மணலும் உப்புக் காற்றும் அந்த ரப்பரைத் தின்றுவிட்டால் ஒயில் கால் வழியே வழிந்து பிரேக்குக்குள் இறங்கிவிடும். ஒயில் குடித்த பிரேக் பிடிக்காது. டவுனில் ஒரு கராச்சில் ஏற்கெனவே ஒரு தடவை கொடுத்துச் செய்தாயிற்று. அங்கே கைக்குக் கிடைத்த சீலை வைத்து அடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் தாங்கியது. பிறகு பழையபடி இரண்டு காலும் அழுதன.

இதெல்லாம் றம்ஸியாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் முடிந்து மசூர் அவர்கள் வீட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம்தான் இருந்தான். ஒரு மண்டபம், ஒரு அறை, ஒரு குசினி. உம்மா றாஹிலாவும் வாப்பாவும் மண்டபத்தில். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அறைக்குள் மெதுவாகச் சிரித்தால்கூட மண்டபத்தில் வாப்பா செருமுவார். ஆகையால் மசூர் பின்னேரங்களில் வளவின் பின்பக்கம் போய் மோட்டார் சைக்கிளைக் கழற்றுவான். கழற்ற வேண்டிய தேவை இல்லாத நாட்களிலும் கழற்றுவான். றம்ஸியா ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போவாள். அவன் கையை நீட்டுவான்; எந்த இலக்கம் என்று சொல்ல மாட்டான்; அவள் சரியானதை வைப்பாள். அங்கே வைத்துத்தான் அவர்கள் கதைத்தார்கள். தான் சின்ன வயதில் கடலில் போய்த் தப்பி வந்த கதை, தனக்குப் பாகற்காய் பிடிக்கும் என்ற ரகசியம், என்றைக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்ற சண்டை, எல்லாம் மண்ணெண்ணெய் மணத்துக்குள் நடந்தவை.

வளவின் பின்பக்கம் என்பதும் வெறும் வளவு அல்ல. அது அவர்களுக்காக வாப்பா கட்டத் தொடங்கிய வீடு. சுவர் எழும்பி, கூரையும் ஏறியிருந்த நேரத்தில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அந்தக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சுவர்கள் மட்டும் நின்றன. அந்தக் கூரையைத் திரும்பப் போடவும், தன் தங்கச்சி முனவ்வறாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு வீடு கட்டிக் கொடுக்கவும்தான் மசூர் விமானம் ஏறினான். றியாத்துக்குப் பக்கத்தில் ஒரு கொம்பனியின் வாகன முற்றத்தில் அவனுக்கு வேலை.

வாப்பா விழுந்த செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்து சில நாட்களில், அவனோடு வேலை செய்யும் சாலிஹ் லீவில் வந்தான். சாய்ந்தமருதுக்காரன். சவர்க்காரம், சட்டைத் துணி, வாப்பாவுக்குத் தைலம், ஒரு வெற்றுக் கெசட், மசூர் பேசி அனுப்பிய கெசட் ஒன்று, இவற்றோடு கடதாசியில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தான். பொட்டலத்தைப் பிரித்தால் கறுப்பு நிறத்தில் பளபளவென்று இரண்டு ரப்பர் வளையங்கள். உள்விளிம்பில் மெல்லிய ஸ்பிரிங் ஓடியது. றம்ஸியா அவற்றை வளையல் போலக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

கெசட் வந்தால் அது எல்லாருக்கும் வந்ததுதான். மசூரின் உம்மா முனவ்வறாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாயை விரித்து, டேப்பை நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி இருந்தார்கள். மசூர் ஸலாம் சொன்னான். உம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தான். முனவ்வறாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்றா என்று கேட்டான். மாமாவைக் கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். றம்ஸியாவுக்கு வந்தது ஒரு வரி: "றம்ஸியாவும் சுகமா இரிக்கா எண்டு நினைக்கிறன்." அவன் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெசட் டக்கென்று நின்றது.

"மத்தப் பக்கம்?" என்றார் மாமி.

றம்ஸியா திருப்பிப் போட்டாள். "இந்தப் பக்கம் மோட்டச் சைக்கிள் விசயம்" என்று மசூர் தொடங்கினான். "சீல் எப்பிடி மாத்துற எண்டு சொல்லப் போறன்." ஒயில், நட்டு, போல்ட் என்று அவன் அடுக்கத் தொடங்க, முனவ்வறா முதலில் எழும்பினாள். பிறகு மாமி. வாப்பா கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, மருமகன் தனக்குப் பாடம் நடத்துவது பிடிக்காமல் வெளியே போய்விட்டார். றம்ஸியா டேப்பைத் தூக்கிக்கொண்டு கூரையில்லாத வீட்டுக்குள் போனாள்.

"றம்ஸியா," என்றது கெசட். அந்தக் குரல் இப்போது வேறாக இருந்தது. "இது ஒனக்கு. கராச்சில குடுக்க வேணாம். நீதான் செய்யணும். ஏலா எண்டு சொல்லாத. எது எங்க இரிக்கி எண்டு என்ன விட ஒனக்குத்தான் தெரியும். முதல் சாமான எல்லாம் எடுத்து வை. மண்ணெண்ணெய், பழைய துணி, ஆக மெல்லிசான உப்புத்தாள், பால்மா வாற பொலித்தீன் பை ஒண்டு, புது ஒயில். மறுகா..." தூரத்தில் ஏதோ லொறி உறுமியது. "மறுகா, புள்ளைக்குப் பால் குடுக்கிற சூப்பிப் போத்தல் ஒண்டு வாங்கு. அதுலதான் கோடு போட்டு அளவு இரிக்கும். ரெண்டு காலுக்கும் ஒரே அளவு ஒயில் ஊத்தணும். வேற ஒண்டுக்கும் இல்ல."

சூப்பிப் போத்தல் வேண்டும் என்று கேட்டதும் உம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"மாப்புள போய் ரெண்டு வருசமாகப் போகுது. ஒனக்கு என்னத்துக்குப் புள்ள சூப்பிப் போத்தல்?"

"ஒயில் அளக்க உம்மா."

"கடைக்காரனுக்கு நான் அப்பிடிச் சொல்லவா?"

என்ன சொல்லி வாங்கினாரோ, உம்மா அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். றம்ஸியா அதைக் கழுவி ஜன்னல் ஓட்டையில் வைத்தாள். வெயிலில் கண்ணாடி மின்னியது. அவள் அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினாள்.

இஞ்சினுக்கு அடியில் தென்னங்குற்றியை வைத்து முன் சில்லைத் தரையிலிருந்து கிளப்பினாள். "இப்ப நிப்பாட்டு. செஞ்சி முடிச்சிட்டு மறுகா போடு" என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு மசூர் சொன்னான். அவள் நிறுத்துவாள், செய்வாள், திரும்பப் போடுவாள். பிரேக் கம்பியைக் கழற்றினாள். அச்சை உருவிச் சில்லை எடுத்தாள். மட்கார்ட்டின் நாலு போல்ட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தாள். "மேல் நட்ட இப்பவே இளக்கி வை. கால வெளிய எடுத்தத்துக்குப் பொறகு புடிக்க ஆளில்லாம இளக்க ஏலா. நான் ஒருக்கா மறந்து நீ சிரிச்சாய், ஞாவகம் இரிக்கா?" ஞாபகம் இருந்தது. அவள் அந்த இடத்தை இரண்டு தடவை சுற்றிக் கேட்டாள். கெசட்டில் எண்ணெய் விரல் படாமல் இருக்க முழங்கையால் பொத்தானை அமுக்கப் பழகியிருந்தாள்.

இடது கால் முதலில் கழன்று கையோடு வந்தது. பிறகு வலது. இரண்டையும் சுவரில் சாத்திவிட்டு, இளக்கி வைத்த மேல் நட்டைக் கழற்றி, நீண்ட ஸ்பிரிங்கை உருவினாள். ஒரு காலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பேசினில் ஊற்றினாள். கறுத்து, தண்ணீராய், அழுகிய நாற்றத்தோடு ஒயில் வந்தது. இரண்டு கையும் நிறைய வேலை.

"இப்ப நிப்பாட்டாத," என்றான் மசூர். "ஊத்தட்டும். நீ கேளு. கொம்பனி இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுது. நான் இன்னும் கையெழுத்து வைக்கல்ல. உம்மாட்டக் கேட்டா நில்லு எண்டு சொல்லும். முனவ்வறாட வீடு இரிக்கி. மாமா கூரை எண்டு சொல்லுவாரு. அவங்க சொல்றது பிழையும் இல்ல. அதால நான் அவங்களக் கேக்கல்ல. ஒன்னத்தான் கேக்கிறன். வரட்டா, நிக்கட்டா? நீ என்ன சொன்னாலும் அதுதான். சாலிஹ் திரும்பி வரக்குள்ள சொல்லி அனுப்பு." பிறகு, மூச்சு விட்டுவிட்டு, "சரி, மத்தக் காலையும் ஊத்து" என்றான்.

றம்ஸியா ஊற்றவில்லை. முழங்கையால் டேப்பை அமுக்கிவிட்டு, ஒயில் வடிந்த காலைச் சுவரில் சாத்தினாள். மேலே வெறும் வானம். ஒரு பருந்து போய்க்கொண்டிருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. முன் சில்லும் கால்களும் இல்லாமல், கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் குற்றியில் தொங்கியது. வாப்பா ஒருநாள் பார்த்தார், மறுநாள் பார்த்தார், பிறகு உம்மாவிடம் முறையிட்டார். வயலுக்கு வாடகைச் சைக்கிளில் ஒருவன் பின்னால் குந்திக்கொண்டு போவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன புள்ள, ஏலாமப் போச்சா?" என்று உம்மா கேட்டார்.

"ஏலும். நாளைக்குச் செய்யிறன்."

மசூர் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு கேள்வியைத் தன் தலையில் தூக்கி வைத்துவிட்டான் என்று கோபம். இரண்டு வருடம் என்று அவனே முடிவெடுத்திருந்தால் அவள் அழுதுவிட்டு இருந்திருப்பாள். ஊரில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள். வாருங்கள் என்று அவள் சொன்னால் முனவ்வறாவின் அத்திவாரம் புல் முளைத்துக் கிடக்கும். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். மாமியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நில்லுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாலோ, அவன் சட்டையின் கழுத்துப்பட்டியில் இருந்த மணம் நினைவுக்கு வந்துவிடும். அந்த மணம் இப்போது அலுமாரியில் இருந்த சட்டையில் இல்லை. போன வருடமே போய்விட்டது. அவன் முகத்தை நினைக்கும்போதும் கல்யாணப் போட்டோவில் இருந்த முகம்தான் வருகிறது. சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அண்ணாந்து பார்க்கும் முகம் வர மாட்டேன் என்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் குரலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வெட்டுக்காரர்கள் வரும் நாள் குறிக்கப்பட்ட பிறகு வாப்பாவே பின்பக்கம் வந்தார். றம்ஸியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மகள், ஒரு கை எனக்கு நல்லாத்தான் இரிக்கி. என்ன செய்யணும் எண்டு சொல்லு, புடிக்கிறன்."

அவர் அப்படிக் கேட்டது அவளுக்கு என்னவோ செய்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மருமகனின் பாடத்தைக் கேட்க அவர் சீமெந்துத் தரையில் குந்தினார். அவள் கெசட்டைக் கேள்வி முடிந்த இடத்திலிருந்து போட்டு, மற்றக் காலின் ஒயிலையும் ஊற்றினாள்.

அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால்தான் உள்குழாய் வெளியே வரும். அது வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தது. "உள்ளுக்க இரிக்கிற தண்டும் சேந்து சுத்துது," என்று மசூர் முன்கூட்டியே சொல்லியிருந்தான். "ஸ்பிரிங்கத் திருப்பி உள்ள போட்டு, மேலால ஒராள் பலமா அமத்திப் புடிக்கணும். அப்ப தண்டு நிக்கும்." வாப்பா நல்ல கையாலும் நெஞ்சாலும் அமர்த்தினார். றம்ஸியா எல் வடிவச் சாவியைக் கொடுத்து, முழு உடம்பையும் போட்டுத் திருப்பினாள். இரண்டாம் முயற்சியில் போல்ட் கிறீச்சென்று இளகியது.

"நல்ல கெட்டித்தனந்தான்," என்றார் வாப்பா. மகளையா மருமகனையா என்று சொல்லவில்லை.

பழைய சீல் லேசில் வரவில்லை. அதை மூடியிருந்த கம்பி வளையத்தை எடுத்துவிட்டு, விளிம்பில் கீறல் விழாமல் துணி வைத்து, ஸ்குரூ டிரைவரால் நெம்பினாள். ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது, அதன் இரும்பு வளையம் மட்டும் முழுதாக மிஞ்சியது. உள்குழாயில் உப்பு தின்ற சின்னப் புள்ளிகள் இருந்தன. விரலால் தடவித் தேடி, உப்புத்தாளை ஒயிலில் நனைத்து, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு வழுவழுப்பானதும், குழாயின் முனையில் பால்மாப் பையைச் சுற்றி, ஒயில் பூசி, புதிய சீலை மெல்ல வழுக்கி இறக்கினாள். பையில்லாமல் இறக்கினால் குழாயின் விளிம்பு ரப்பரை வெட்டிவிடும். "ஸ்பிரிங் இரிக்கிற பக்கம் ஒயிலப் பாத்து இரிக்கணும், வானத்தப் பாத்து இல்ல," என்றான் மசூர். கராச்சில் போட்ட சீல்களில் ஒன்று வானத்தைப் பார்த்துத்தான் இருந்தது. பழைய சீலின் இரும்பு வளையத்தை மேலே வைத்து, மரக்கட்டையால் சுற்றிவர மெதுவாகத் தட்டினாள். ஒரு பக்கம் சாய்ந்தது. எடுத்துத் திரும்ப வைத்தாள். கடைசியில் ஒரே மட்டமாக உள்ளே இறங்கி, தட்டும் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் மாறும் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

ஒயிலைச் சூப்பிப் போத்தலில் கோடுவரை ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பொன்னிறமாக இருந்தது. வாப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு காலுக்கு ஒரு போத்தல், மற்றக் காலுக்கும் அதே அளவு.

அன்று அஸர் தொழுகைக்கு முன் சைக்கிள் தன் சில்லில் நின்றது. றம்ஸியா கைப்பிடியைப் பிடித்துப் பலமாக அமுக்கினாள். முன்பக்கம் தாழ்ந்து, அவசரப்படாமல் எழும்பியது. குழாயில் வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை, ஒற்றைக் கையோடு ஒழுங்கை முனைவரை ஓட்டிப்போய் வந்து உம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

சாலிஹ் திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. றம்ஸியா வெற்றுக் கெசட்டை எடுத்துக்கொண்டு பகலில் பின்வீட்டுக்குள் போனாள். சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்கினாள். போல்ட் சுற்றியது, வாப்பா அமர்த்தியது, உம்மா போத்தலை மறைத்துக் கொண்டுவந்தது, கராச்சில் தலைகீழாகப் போட்ட சீல், எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லப் பேச்சு வந்தது. இரண்டு வருடத்துப் பேச்சு. பாகற்காய்க் கொடி காய்த்திருப்பதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதைச் சொன்னாள். கடைசியில், "நீங்க கேட்டத்துக்குச் சொல்லப் போறன்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. பாங்கு முடியும்வரை வாய் பேசாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். முடிந்ததும், டேப்புக்குக் கிட்டக் குனிந்து, மெதுவாக, "வந்திருங்க மச்சான். எனக்கு ஏலாது" என்றாள். இன்னும் சில சொன்னாள். அவை அவனுக்கு மட்டுமானவை.

சாலிஹ் கெசட்டைக் கொண்டுபோனான்.

வெட்டு முடிந்து, சூடு மிதித்து, நெல் மூட்டைகள் மண்டபத்தில் ஏறிய பிறகுதான் தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்முனைக் கடைத்தெருவில் அப்துல் ஸமட்டின் புடவைக் கடைக்கு மசூர் டெலிபோன் எடுக்கிறானாம், றம்ஸியா வரவேண்டுமாம். செய்தி எப்படியோ சாய்ந்தமருதுக்கும் போய்விட்டது.

கட்டு அவிழ்த்த கையோடு வாப்பா சைக்கிளை ஓட்ட, றம்ஸியா பின்னால் ஒரு பக்கமாக இருந்து போனாள். மாமி அவர்களுக்கு முன்பே வந்து, டெலிபோனுக்குப் பக்கத்து முக்காலியில் இருந்தார். கடையில் நெல் விற்ற காசோடு துணி எடுக்க வந்த கூட்டம்.

மணி அடித்ததும் அப்துல் ஸமட் எடுத்து, "ஓம், ஓம், இரிக்காங்க" என்றார். மாமிதான் முதலில் வாங்கினார். அழுதார். பிறகு சாலிஹ் வீட்டார் வழியாக ஒப்பந்தச் சங்கதி தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொண்டு, "ரெண்டு வருசம் கண்ண மூடித் திறக்கிறத்துக்குள்ள போயிரும் மகன். தங்கச்சிய நினச்சிக்க. நில்லு" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, முகம் வாடி, ரிசீவரை றம்ஸியாவிடம் நீட்டினார்.

அது இன்னும் மாமியின் கைச்சூட்டோடு இருந்தது. உள்ளே கடல் இரைவதுபோல இரைந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து, "றம்ஸியா?"

"ஓம்."

"சொக் எப்பிடி?"

"ஒழுகல்ல."

"நான் கேட்டத்துக்கு நீ சொல்லல்லயே புள்ள."

"சொன்னனே."

"இல்ல. பாங்கு கேக்கிது. பாங்கு பாதியில கெசட் முடிஞ்சி போச்சி. மறுகா ஒண்டுமில்ல. நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டன்." அவன் குரல் தேய்ந்து வந்தது. "நாளைக்குக் கையெழுத்துக் கேக்கிறாங்க. வரட்டா, நிக்கட்டா?"

பாங்குச் சத்தத்தில் டேப் நின்றதை றம்ஸியா கவனித்திருக்கவில்லை. வெறும் சுவர்களுக்கு நடுவே அவள் சொன்ன அத்தனையும் எங்கும் போய்ச் சேராமல் அங்கேயே விழுந்து கிடந்திருக்கிறது. மாமி முழங்கையளவு தூரத்தில் இருந்தார். முக்காட்டை ரிசீவரோடு சேர்த்துப் பிடித்து, "வாங்க" என்றாள்.

"ஆ?"

"வாங்க."

"கேக்கல்ல றம்ஸியா. லைன் இரையிது. பலமாச் சொல்லு."

அவள் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள்.

"வாங்க மச்சான்," என்று கத்தினாள். "நிக்க வேணாம். வந்திருங்க."

துணி அளந்துகொண்டிருந்தவனின் கைக்கோல் அந்தரத்தில் நின்றது. ரிசீவருக்குள் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அவன், "கேட்டிச்சி" என்றான். இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கியபோது லைன் அறுந்துவிட்டது.

மாமி எழும்பித் தன் பையை எடுத்தார். "நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு யாரையும் பாராமல் பஸ்சுக்கு நடந்தார். றம்ஸியா ரிசீவரை வைக்கத் தெரியாமல் நின்றாள்; அப்துல் ஸமட் வாங்கி வைத்தார்.

வெளியே வாப்பா சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரிய பள்ளிவாசலைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார்.

"பலமாத்தான் சொன்னாய்," என்றார் பிறகு.

"அவருக்குக் கேக்கல்ல வாப்பா."

"இப்ப காரைதீவுக்கும் கேட்டிரிக்கும்." கொஞ்சத் தூரம் போனதும், திரும்பாமலே, "வரட்டும் மகள். கூரைய நாம பையப் பையப் போடுவம்" என்றார். றம்ஸியா அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதாள்.

வருகிறேன் என்றவனால் உடனே வர முடியவில்லை. கொம்பனி பாஸ்போட்டைக் கொடுக்காமல் இழுத்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று சிறுபோகமும் விதைத்து விளைந்தது. முன்னைய இரண்டு வருடத்தைவிட இந்த மாதங்கள்தான் அவளைத் தின்றன. முன்பு எதிர்பார்ப்பு இல்லாமல் இருந்தாள். இப்போது ஒழுங்கையில் ஏதாவது வாகனம் வேகத்தைக் குறைத்தால் குசினிக்குள் அவள் கை நின்றுவிடும். மாமி வருவதை நிறுத்திவிட்டார். முனவ்வறா மட்டும் ஒருநாள் தனியாக வந்து, அண்ணன் பேச்சை எடுத்து, "நானாவ நான் குறை சொல்லல்ல மச்சி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமல் போனாள்.

மசூர் வந்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முந்தி, ஒரு முற்பகலில். மெலிந்து கறுத்திருந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. முற்றத்தில் பெட்டியை வைத்துவிட்டு வாப்பாவுக்கு ஸலாம் சொன்னான். றம்ஸியா கதவின் பின்னால் நின்று, இது அவன்தானா என்று முதலில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு அவன் அண்ணாந்து பார்த்தான்.

முனவ்வறாவின் வீடு முடிய நாலு வருடம் பிடித்தது. கல்முனை அரிசி ஆலை ஒன்றில் மெஷின் பார்த்துக்கொண்டே மசூர் அதைக் கல் கல்லாகக் கட்டினான். மாமியின் மனத்தாங்கல் அதற்கு முன்பே, றம்ஸியா முழுகாமல் இருந்தபோது, தானாகக் கரைந்தது. தன் வீட்டுக் கூரையை அவன் பாதிக்கு ஓடும் பாதிக்குக் கிடுகுமாகப் போட்டான்.

ஆனால் வந்த முதல் மாதங்களில், அவன் வளவில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது, கொஞ்ச நேரம் சத்தம் கேட்காவிட்டால் றம்ஸியா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்ன புள்ள?" என்பான்.

"ஒண்டுமில்ல."

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, உள்ளே போவாள்.